முகத்தைப் பார்க்காதீர்கள், வேரைப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஒன்றரை வருடமாக ஜியோகேச்சிங் செய்கிறீர்கள், அதாவது யாரோ ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் எண்களை வைத்துத் தேடும் விளையாட்டு. நகரத்துக்குள் பூங்கா பெஞ்சு, விளக்குக் கம்பம், பாலத்தின் கைப்பிடி என்று தொண்ணூறு டப்பா எடுத்தாயிற்று. லாக் (ஒவ்வொரு டப்பாவையும் தேடியபின் இணையத்தில் எழுதும் பதிவு) எழுதி எழுதியே பழக்கமான ஒருவர், தொலைவில் நாட்டுப்புறத்தில் இருப்பவர், "இரண்டு நாள் வந்து தங்குங்கள், என் டப்பாக்களையும் பக்கத்து ஆட்களுடையதையும் சேர்ந்து தேடலாம்" என்று கூப்பிட்டிருக்கிறார். நேரில் பார்த்ததில்லை. போகலாமா, போனால் எப்படி நடந்துகொள்வது, என்ன எடுத்துப் போவது?

போங்கள். அவர் உங்களைக் கூப்பிட்டது இப்போதுதான் என்று நினைக்கிறீர்கள். டப்பாவை வைத்த அன்றே கூப்பிட்டுவிட்டார். முகம் தெரியாத யாரோ ஒருவர் வருவார், இந்த மேட்டில் ஏறுவார், இங்கே நின்று மூச்சு வாங்குவார், அப்போது அந்தப் பள்ளத்தாக்கு கண்ணில் படும் என்று கணக்குப் போட்டுத்தான் ஒருவர் நாட்டுப்புறத்தில் டப்பா வைக்கிறார். படுக்கையும் சாப்பாடும் அதற்கு மேல் வருபவை. அதனால் வீட்டில் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதை விட, டப்பாவின் முன் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதை அவர் அதிகம் கவனிப்பார். நானும் அப்படித்தான் கவனிப்பேன்.

இந்த விருந்தோம்பல் ஜிபிஎஸ்ஸுக்கும் முந்தையது. இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் என்ற பெரிய சதுப்பு மேட்டு நிலம் இருக்கிறது. 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, அதன் நடுவில் எளிதில் போய்ச் சேர முடியாத கிரான்மியர் குளத்தருகே ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வருபவர்கள் தங்கள் பெயர் அச்சிட்ட அட்டையை அதில் போட்டுவிட்டுப் போகலாம். அப்புறம் அது பெட்டியானது, லெட்டர்பாக்சிங் என்ற பெயர் வந்தது. வருபவர் முகவரி எழுதிய கடிதத்தைப் பெட்டிக்குள் விட்டுவிட்டுப் போவார். அடுத்து வருபவர் அதை எடுத்துப்போய்த் தபாலில் சேர்ப்பார். இரண்டு பேரும் சந்திப்பதே இல்லை. ஒருவர் கடிதத்தை இன்னொருவர் சுமந்துகொண்டு அந்தச் சேற்றில் பல மைல் நடக்கிறார். இதை விடப் பெரிய உபசாரத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

நம்முடைய விளையாட்டு 2000-ஆம் ஆண்டு மே மாதம் பிறந்தது. அதுவரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. கையிலிருக்கும் கருவி 100 மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். மே 2-ஆம் தேதி அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். அடுத்த நாளே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் அருகே காட்டோரம் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்து வைத்து, இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டார். மூன்று நாளுக்குள் அதை இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். உள்ளே புத்தகம், வீடியோ, மென்பொருள், ஒரு கவண், பயறு அடைத்த தகர டப்பா ஒன்று. அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று: எதையாவது எடுத்துக்கொள், எதையாவது வைத்துவிட்டுப் போ. இன்றைய விதிப்படி அந்த வாளிக்கு அனுமதியே கிடைக்காது என்பதுதான் வேடிக்கை. நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டக் கூடாது, உணவுப் பொருள் வைக்கவே கூடாது. அவர் தோண்டியும் இருக்கிறார், உணவும் வைத்திருக்கிறார். உணவு வைத்தால் விலங்குகள் டப்பாவைக் கடித்துக் குதறிவிடும் என்பது பிற்பாடு பட்டுத் தெரிந்துகொண்டது. அந்தப் பயறு டப்பா மட்டும் பிழைத்து, எண் பொறித்த தகட்டோடு பல நிகழ்ச்சிகளுக்குப் பயணம் போனது.

சரி, உங்கள் பயணத்துக்கு வருவோம். நகரத்து டப்பாவும் நாட்டுப்புறத்து டப்பாவும் ஒரே விளையாட்டு என்று நினைத்துப் போனால் முதல் நாள் ஏமாந்துபோவீர்கள். நகரத்தில் விரல் நுனி அளவு காந்த டப்பா, சுற்றிலும் ஆட்கள், யாரும் பார்க்காத நேரத்தில் எடுத்து, உள்ளே இருக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டு, திரும்ப ஒட்டிவிட்டு நழுவ வேண்டும். அங்கே சிரமமே மனிதர்கள்தான். நாட்டுப்புறத்தில் பார்ப்பதற்கு ஆளே இருக்காது. டப்பாவும் பெரிதாக இருக்கும். ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளளவு இருந்தால்தான் 'ரெகுலர்' என்று சொல்வார்கள். பழைய ராணுவத் தோட்டாப் பெட்டி கிடைத்தால் பாக்கியம். ரப்பர் வளையம் போட்ட அதன் மூடியை நெம்பும்போது வரும் 'டக்' என்ற சத்தத்துக்காகவே நான் நாலு மைல் நடந்திருக்கிறேன்.

ஆனால் அங்கே மரங்கள் இருக்கும். அடர்ந்த இலைக்குக் கீழேயும் பாறைச் சரிவுக்குப் பக்கத்திலும் செயற்கைக்கோள் சமிக்ஞை நேராக வராமல் முட்டி எதிரொலித்து வரும். போனில் அம்புக்குறி உங்களை வட்டமடிக்க வைக்கும். கருவி பத்து மீட்டர் தள்ளிக் காட்டலாம், டப்பாவை வைத்தவரின் கருவியும் அன்றைக்குப் பத்து மீட்டர் தள்ளிக் காட்டியிருக்கலாம். அதனால் கடைசி இருபது மீட்டருக்குப் போனைப் பைக்குள் போடுங்கள். சுற்றிப் பாருங்கள். இயற்கையாக விழுந்த குச்சிகள் நேர்க்கோட்டில் அடுக்கி விழாது. பாசி படிந்த கல்லுக்கு நடுவில் ஒரு கல் மட்டும் சுத்தமாக இருக்காது. புல்லில் யாரோ நடந்து போன தடம், போய்த் திரும்பிய தடமாக, ஒரு மரத்தடியில் முடிகிறதா என்று பாருங்கள்.

எண்களைப் பற்றி இன்னொன்று. நாம் பயன்படுத்துவது பாகை, பிறகு தசமப் புள்ளியோடு நிமிடம். நிமிடத்தின் மூன்றாவது தசம இடம் ஒன்று மாறினால், வடக்கு தெற்காக இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம்தான். ஆனால் அந்தத் தசமத்தை யாராவது விநாடி என்று நினைத்துப் போட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிப் போய் யாரோ ஒருவருடைய வயலில் நிற்பீர்கள். உங்களைக் கூப்பிட்டவர் தன் வீட்டு வாசலின் எண்களை வாயால் சொல்வார். இந்த ஆட்கள் முகவரியைக்கூட அப்படித்தான் சொல்வார்கள். எழுதியபின் திருப்பிப் படித்துக் காட்டுங்கள். தேடப்போகும் டப்பாக்களின் விவரம், வரைபடம், பழைய லாக்குகள் எல்லாவற்றையும் கிளம்புவதற்கு முன்னாலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ச் சிக்னல் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

முன்பின் தெரியாதவர் வீட்டில் தங்குவது பற்றிய தயக்கம் நியாயமானது. இந்த விளையாட்டில் ஒரு வசதி என்னவென்றால், ஒருவருடைய பல வருட நடமாட்டம் பக்கம் பக்கமாக எழுத்தில் இருக்கும். எத்தனை டப்பா வைத்திருக்கிறார், பழுது என்று யாராவது சொன்னால் போய்ச் சரிசெய்கிறாரா, அவர் டப்பாவைக் கண்டுபிடிக்க முடியாதவர்களுக்கு எப்படிப் பதில் சொல்கிறார், மற்றவர்கள் தங்கள் லாக்கில் அவரைப் பற்றி என்ன எழுதுகிறார்கள். அரை மணி நேரம் படித்தால் ஆள் யாரென்று ஓரளவு பிடிபடும். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால், முதல் சந்திப்பை ஒரு ஈவென்ட்டாக, அதாவது முன்கூட்டியே அறிவித்து விளையாடுபவர்கள் எல்லோரும் கூடும் சந்திப்பாக, வைக்கலாம். குறைந்தது அரை மணி நேரம், எல்லோரும் வந்துபோகக்கூடிய இடம், இரண்டு வாரத்துக்கு முன்னால் விண்ணப்பம், இவ்வளவுதான் தேவை. நாலு பேர் வந்தாலும் ஈவென்ட்தான். ஐந்நூறு பேர் கூடினால் மெகா என்றும், ஐயாயிரம் கூடினால் கிகா என்றும் பெயர். எனக்கென்னவோ அந்த நாலு பேர் ஈவென்ட்தான் பிடிக்கும். கிகாவில் நானூறு பேர் பெயரைக் கேட்டுவிட்டு ஒருவரையும் நினைவில் வைத்துக்கொள்ளாமல் திரும்பியிருக்கிறேன். அந்தப் பகுதியின் மற்ற ஆட்களும் வந்து உங்கள் நண்பரோடு பழகும் விதத்தைப் பார்த்தாலே பாதித் தயக்கம் போய்விடும். எங்கே தங்குகிறீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது எப்படியும் செய்ய வேண்டியதுதான்.

இப்போது முக்கியமான விஷயம். அவர் உங்களோடு நடப்பார். அவர் வைத்த டப்பா, அவருக்கு இடம் தெரியும். உங்களுக்குத் தெரியாது. அடுத்த அரை மணி நேரம் இரண்டு பேரும் என்ன செய்வது?

நல்ல வீட்டுக்காரர் பேசாமல் இருப்பார். இது சொல்லுகிற அளவுக்குச் சுலபம் இல்லை. நீங்கள் சரியான கல்லின் மேலேயே உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு, "இங்கே எங்கேயும் இல்லையே" என்று சொல்லும்போது அவருக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் டப்பாவுக்கு இருபது அடி முன்னாலேயே நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். தன் கண் தன்னையறியாமல் டப்பா பக்கம் போய்விடும் என்ற பயம்தான். இன்னொருவரிடம் அந்தத் திறமை இல்லை. நாம் சரியான மரத்தை நெருங்கினால் மூச்சை நிறுத்துவார், விலகினால் விடுவார். அவரோடு போனால் ஒரே நாளில் இருபது டப்பா எடுக்கலாம். திரும்பி வந்து யோசித்தால் ஒரு இடம்கூட ஞாபகத்தில் இருக்காது, அவர் மூக்குதான் ஞாபகம் இருக்கும்.

ஆகவே விருந்தாளியின் கடமை, அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பது. மரத்தைப் பாருங்கள், வேரைப் பாருங்கள். குறிப்பு வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேளுங்கள், தப்பில்லை. எப்போது கேட்கலாம் என்பதை ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது: கால் மணி நேரம் கழித்து ஒரு குறிப்பு, அரை மணி கழித்து இன்னொன்று. சிலர் எண்ணிக்கைக்காக வருவார்கள், சிலர் தேடலுக்காக. நீங்கள் யார் என்று அவருக்குத் தெரியாவிட்டால் பாவம், எப்போது வாயைத் திறப்பது என்று தெரியாமல் தவித்துப்போவார்.

மூன்று நான்கு பேராகப் போகும்போது இன்னொரு பழக்கம் உண்டு. முதலில் கண்ணில் பட்டவர் கத்த மாட்டார். சும்மா விலகி வந்து, வேறு ஒரு இடத்தில் நின்று, கண்டுபிடித்தாயிற்று என்பதற்கான ஏதோ ஒரு சங்கேதச் சொல்லை மட்டும் சொல்வார். மற்றவர்கள் தொடர்ந்து தேடுவார்கள். கண்டுபிடித்தவுடன் டப்பாவைத் தூக்கிக் காட்டிவிட்டால் மற்றவர்களுக்குத் தேடும் சுகம் போயிற்று. எல்லோருக்கும் ஒன்றாகக் காட்டிவிடும் குழுக்களும் இருக்கின்றன. கிளம்பும்போதே எந்தப் பழக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நிலத்துக்காரர்கள். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். நாட்டுப்புறத்தில் ஒரு டப்பா இருக்கிறதென்றால், உங்கள் நண்பர் யாரோ ஒரு நில உரிமையாளரிடம் போய், பொது இடமானால் அதை நிர்வகிப்பவரிடம் போய், இது என்ன விளையாட்டு என்று விளக்கி அனுமதி வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம். அந்த நிலத்துக்காரர்தான் இரண்டாவது வீட்டுக்காரர். அவர் உங்களைப் பார்க்கவே போவதில்லை. சாத்தியிருந்த வாயிலைச் சாத்திவிட்டுப் போங்கள், திறந்திருந்ததைத் திறந்தே விடுங்கள். கால்நடைகளுக்குத் தண்ணீர் அந்தப் பக்கம் இருக்கலாம். பயிர் இருந்தால் ஓரமாக நடங்கள், அம்புக்குறி குறுக்கே காட்டினாலும் சரி. கல் அடுக்கிய சுவரில் ஒரு கல்லையும் உருவாதீர்கள். சாந்து போடாத சுவர் அது, ஒரு கல்லை நம்பித்தான் இன்னொன்று நிற்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டம் வந்து வேலியின் மேல் ஏறி மிதித்துவிட்டுப் போனது. அடுத்த வாரம் நில உரிமையாளர் அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஒன்றல்ல, அந்தப் பாதையிலிருந்த ஆறு டப்பாவும் போயிற்று. அவர்களோ அன்றைக்கே வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அவமானத்தோடு போய் மன்னிப்புக் கேட்டு நின்றது டப்பா வைத்தவர்தான்.

யாராவது வந்து "என்ன தேடுகிறீர்கள்?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். விளையாட்டைத் தெரியாதவர்களை 'மகுள்' என்று சொல்லி, அவர்கள் கண்ணில் படாமல் ஒளிவது நகரத்து வழக்கம். ஆளில்லாத காட்டோரத்தில் நான்கு பேர் பதுங்கிக்கொண்டிருந்தால் எவருக்கும் சந்தேகம்தான் வரும். நான் கருவியைக் காட்டி விளக்கிவிடுவேன். பத்தில் ஒன்பது பேர் சிரிப்பார்கள், ஒருவர் நம்மோடு சேர்ந்து தேடத் தொடங்கிவிடுவார்.

லாக் எழுதுவதைப் பற்றி ஒரு பழைய தப்பைச் சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு மலைச்சரிவில் டப்பா எடுத்தேன். தரைக் கடினம் நாலு, ஐந்துக்கு. அதாவது ஒன்று என்றால் சக்கர நாற்காலியிலேயே போகலாம், ஐந்து என்றால் கயிறோ படகோ வேண்டும். நாலு என்பது காலை முதல் மதியம் வரை ஏறுகிற சமாச்சாரம். இறங்கி வந்த களைப்பில் போனில் 'டி.எஃப்.டி.சி.' என்று தட்டிவிட்டுத் தூங்கிவிட்டேன். டப்பாவுக்கு நன்றி என்பதன் சுருக்கம், நாலு எழுத்து. இரண்டு நாள் கழித்து வைத்தவரிடமிருந்து ஒரு செய்தி: "மேலே போனபோது மேகம் விலகியிருந்ததா?" அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த மனிதர் அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் ஏறியதே அந்தக் காட்சிக்காக. அதைப் பார்த்தீர்களா என்று கேட்கிறார், நான் நாலு எழுத்தை வீசியிருக்கிறேன். அன்றைக்கு எழுந்து உட்கார்ந்து முழுதாக எழுதினேன். மேகம் விலகவில்லை, ஆனால் பருந்து ஒன்று எனக்குக் கீழே பறந்துகொண்டிருந்தது, அதை எழுதினேன்.

டப்பா வைத்தவருக்குக் கிடைக்கும் வரும்படி உங்கள் லாக் ஒன்றுதான். வேறு எதுவும் கிடையாது. அதனால் வழி எப்படி இருந்தது, எங்கே தடுமாறினீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். இடத்தைக் காட்டிக்கொடுக்கும் வரியும் படமும் மட்டும் வேண்டாம். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் 'டி.என்.எஃப்.' போடக் கூச்சப்படாதீர்கள். பலர் தோல்வி என்று நினைத்து மறைத்துவிடுகிறார்கள். வரிசையாக மூன்று டி.என்.எஃப். விழுந்தால்தான் டப்பா காணாமல் போயிருக்கலாம் என்று வைத்தவருக்குத் தெரியும். டப்பாவுக்குள் இருக்கும் சீட்டில் பெயர் எழுதாமல் கண்டுபிடித்ததாகக் கணக்குக் காட்டவும் கூடாது. அது இந்த விளையாட்டின் அடிப்படை விதி.

வீட்டுக்காரரின் உபசாரத்தைப் பற்றிப் பொது லாக்கில் எழுதும்போது கொஞ்சம் யோசியுங்கள். "அருமையான வீடு, வாசலில் பெரிய மரம், தெருக்கோடியில்" என்று ஆசையில் எழுதிவிடுவோம். உலகம் முழுக்க எண்களை வைத்து இடம் கண்டுபிடிக்கிற பழக்கமுள்ள கூட்டத்தின் முன்னால் எழுதுகிறோம் என்பது ஞாபகம் இருக்கட்டும். நன்றியைத் தனியாக அவருக்கே எழுதுங்கள்.

அவர் வீட்டு அலமாரியில் ஜியோகாயின்களும் டிராவல் பக் தகடுகளும், அதாவது டப்பாவுக்கு டப்பா கைமாறிப் பயணம் போகும் நாணயங்களும் தகடுகளும், வரிசையாக இருக்கும். பார்க்கக் கொடுப்பார். ஒவ்வொன்றிலும் ஒரு ரகசிய எண் உண்டு. அது தெரிந்த யாரும் அதைப் பார்த்ததாகப் பதிவு செய்யலாம். எண்ணைக் குறித்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எண் தெரிய அதைப் படம் எடுத்து எங்கேயும் போடாதீர்கள். நீங்கள் ஒரு டிராவல் பக்கைக் கொண்டுபோய் அவரிடம் சேர்த்தால் அதைவிடப் பொருத்தமான கைப்பொருள் இல்லை. அடுத்து அதை எங்கே அனுப்பலாம் என்று பேசியே ஒரு மாலை போய்விடும்.

அவருக்கு வயதாகியிருந்தால், அல்லது முழங்கால் வலி என்று சொன்னால், "உங்கள் டப்பா எதையாவது போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டுமா?" என்று கேளுங்கள். ஒரு டப்பாவை வைத்தவர் அதைப் பராமரித்தே ஆக வேண்டும். நனைந்த சீட்டை மாற்றுவது, உடைந்த மூடியை மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. உயரத்தில் இருக்கும் நல்ல டப்பாக்கள் பல, ஏற முடியாமல் போனதால் மூடப்பட்டிருக்கின்றன. நீங்கள் ஏறி, புதுச் சீட்டு வைத்து, பழைய சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் அவர் அதைப் பிரித்துப் பெயர் பெயராகப் படிப்பார். அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை வரும்.

அங்கே புதிதாக ஒரு டப்பா வைத்துவிட்டு வர ஆசை வரும். வேண்டாம். தொலைவில் இருந்துகொண்டு பராமரிக்க முடியாத டப்பாவை, அதைச் சரிபார்க்கும் தன்னார்வலர்கள் அனுமதிக்கவும் மாட்டார்கள். பக்கத்து டப்பாவுக்கும் இதற்கும் 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்ற விதி வேறு இருக்கிறது, அவர் அந்த இடத்தை எதற்காவது மனதில் வைத்திருக்கலாம். யோசனையை அவரிடம் சொல்லுங்கள். பிடித்திருந்தால் அவர் பெயரில் வைப்பார்.

கையில் என்ன எடுத்துப் போவது என்று கேட்டிருந்தீர்கள். பென்சில் இரண்டு, ஈரச் சீட்டில் பேனா எழுதாது. அளவாக வெட்டிய உலர்ந்த சீட்டு கொஞ்சம், ஜிப் வைத்த சிறு பை நாலைந்து, கையுறை, டார்ச், வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்க ஒரு பை. அப்புறம், காற்றுப் புகாத ஒரு காலி டப்பா. இந்தக் கடைசிப் பொருளுக்கு ஒரு எச்சரிக்கை: தேடிக் கிடைக்காத இடத்தில் அதை நீங்களாகவே வைத்துவிட்டு, கண்டுபிடித்தேன் என்று எழுதிவிடாதீர்கள். 'தூக்கிப்போட்ட டப்பா' என்று எங்களுக்குள் அதைத் திட்டுவோம். பழைய டப்பா பக்கத்திலேயே நன்றாக ஒளிந்திருக்கும், அப்புறம் ஒரே இடத்தில் இரண்டு டப்பா, இரண்டு சீட்டு, வைத்தவருக்குத் தலைவலி. டப்பா வைத்தவர் கேட்டால் மட்டும் வெளியே எடுங்கள்.

எனக்கு ஒரு தரம் அது தேவைப்பட்டது. மேலே சொன்னேனே, கண்ணாடி துடைப்பவர், அவரோடு இரண்டாவது நாள் காலை. காட்டோரம், சாய்ந்து கிடக்கும் பெரிய மரம். அவர் வழக்கம் போல முதுகைக் காட்டி நின்று துடைக்க ஆரம்பித்தார். நான் பட்டைக்கு அடியில், பொந்தில், வேருக்குக் கீழே என்று நாற்பது நிமிடம் தேடினேன். குறிப்பு கேட்கவில்லை, வீம்பு. கடைசியில் அவரே, "பெரிய வேருக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தீர்களா?" என்றார். மூன்று தரம் பார்த்துவிட்டேன் என்றேன். துடைப்பது நின்றது. வந்து மண்டியிட்டுக் கையை விட்டார். வேருக்குக் கீழே நீள்சதுரமாக ஒரு வெற்று இடம், இலைச்சருகு படியாத ஈர மண், பெட்டியின் நாலு மூலையும் அச்செடுத்தது போல. உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டு, "ஒன்பது வருஷம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நாற்பது நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றேனே" என்று சொல்லி, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

என் பையிலிருந்த காலி டப்பாவை வாங்கி, சீட்டைப் போட்டு மூடினார். இப்போது நான் கையெழுத்துப் போட்டால் அது கண்டுபிடித்த கணக்கா என்று ஒரு வாக்குவாதம். அவர் ஆம் என்கிறார், நான் இல்லை என்கிறேன். "சரி, அந்த வாயில் பக்கம் போய்ப் பத்து நிமிடம் நில்லுங்கள், திரும்பிப் பார்க்கக் கூடாது" என்று விரட்டினார். போய் நின்றேன். கூப்பிட்டதும் திரும்பி வந்தேன். அதே மரம், அதே எண்கள், எட்டு மீட்டருக்குள்தான் வைத்திருக்கிறார். எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. நடுவில் ஒரு தரம் விதியை மீறி அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.